நானூறாவது சாம்பார்

போன பொங்கலுக்கு மறுநாள் என் தங்கை மகன் எங்களைப் பார்க்க வந்திருந்தான். விருந்தினர் கூப்பன் வாங்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பொது உணவுக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். வாழையிலை, வடை, பாயசம், அவியல், இரண்டு பொரியல் என்று அன்று தடபுடல். சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே சொன்னான்: "மாமா, நல்ல ஓட்டல் சாப்பாடு மாதிரியே இருக்கு. உங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் சாப்பிட்டது ஒரு வேளை. நான் இங்கே ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறேன். வருடத்துக்கு 365 நாள், நாளுக்கு மூன்று வேளை, ஆக 1,095 வேளை. வங்கியில் ஆய்வுப் பிரிவில் இருந்தவன் என்பதால் எதையும் எண்ணிப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. ஊருக்குப் போன நாட்கள், ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் எல்லாவற்றையும் கழித்தாலும் நாலாயிரத்துச் சொச்சம் வேளைக்குக் குறையாது. இந்தக் கட்டுரை அந்த அனுபவத்தின் பேரில் எழுதப்படுவது.

ஓட்டல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒருமுறை போவார்கள், மிஞ்சிப்போனால் மூன்று முறை. பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெருவில் வேறு கடை இருக்கிறது. ஓட்டல் விமர்சனத்தின் அடிப்படையே அந்த அடுத்த தெருதான். எங்களுக்கு அடுத்த தெரு கிடையாது. கோயம்புத்தூருக்கு வெளியே, மலை தெரிகிற இடத்தில், பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் குடியிருப்பு. ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போய் ஒரு தோசை சாப்பிட்டு வருவதென்றால் அரை நாள் ஆகும். எழுபத்தைந்து வயதுக்கு மேல் அது ஒரு யாத்திரை. அப்படியானால், வெளியேற முடியாத ஓட்டலை எப்படி மதிப்பிடுவது? முதல் சாம்பாரை வைத்தா, நானூறாவது சாம்பாரை வைத்தா?

*

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கிழவன் புலம்புகிறான் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

2000களின் தொடக்கத்திலிருந்து கோவையைச் சுற்றி மூத்தோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. சென்னையை ஒப்பிட்டால் இதமான தட்பவெப்பம், நல்ல ஆஸ்பத்திரிகள், விமான நிலையம். அமெரிக்காவிலும் பெங்களூரிலும் பிள்ளைகள் இருக்கிற பெற்றோருக்கு இதெல்லாம் தோதுப்பட்டது. ஆனால் வீடு பார்க்க வருகிறவர்களிடம் விற்பனைப் பிரிவுக்காரர்கள் முதலில் காட்டுவது வீட்டை அல்ல, உணவுக்கூடத்தை. "இனிமே அம்மா சமைக்கவே வேண்டாம் சார்" என்பதுதான் அவர்களுடைய முதல் வாக்கியம். அவர்கள் விற்பது உண்மையில் அதைத்தான்.

அந்த வாக்கியத்துக்கு நானும் விழுந்தேன். என் மனைவி அப்போது நாற்பத்திரண்டு வருடம் அடுப்படியில் நின்று முடித்திருந்தாள். திருநெல்வேலிச் சைவக் குடும்பம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று எதிலும் குறை வைக்கத் தெரியாதவள். இங்கே வந்த முதல் வாரம், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவள் பால்கனியில் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். "என்ன யோசனை?" என்றேன். "ஒண்ணுமில்லங்க. இந்நேரம் குழம்பு கொதிச்சிருக்கணும். கொதிக்கல. அதான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த உணவுக்கூடத்துக்கு நான் கடன்பட்டவன். இதை மறந்துவிட்டு எழுதும் எந்த விமர்சனமும் ஆம்பிளை விமர்சனமாகத்தான் இருக்கும். இங்குள்ள பெண்களில் பாதிப் பேர், சாப்பாடு எப்படி இருந்தாலும் குறை சொல்வதில்லை. தான் சமைக்காத சாப்பாடு என்பதே அவர்களுக்கு ஒரு ருசி.

மற்ற நல்லவை: இடம் சுத்தம். தண்ணீரில் பயமில்லை. தயிர் அருமை. பரிமாறுகிற பையன்கள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ஆறே மாதத்தில் தமிழ் பிடித்துக்கொண்டு, "தாத்தா, இன்னிக்கு வெண்டக்கா, உனக்குப் பிடிக்கும்" என்று யாருக்கு எது பிடிக்கும் என்பதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒருமையில் பேசுகிறார்களே என்று சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. என் பேரனும் அப்படித்தான் பேசுவான்.

*

இனி ஒவ்வொன்றாக.

இட்லி: ஏழரை மணிக்குப் போனால் மெத்தென்று இருக்கும். எட்டரைக்குப் போனால் ஹாட் பாக்ஸுக்குள் ஆவி வேர்த்து அடிப்பக்கம் ஊறியிருக்கும். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் மாவில் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் நேரத்தில். ஒரே ஈடாக வேகவைத்துக் குவித்துவிடுகிறார்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்கள்தான் தாமதமாக வருவார்கள்; ஊறின இட்லி எப்போதும் அவர்களுக்குத்தான்.

சாம்பார்: குற்றமில்லாத சாம்பார். அதுதான் அதன் குற்றம். முதல் நாள் எப்படி இருந்ததோ நானூறாவது நாளும் அப்படியே. மொத்தமாக வாங்கிய அதே பொடி, அதே அளவுப் புளி. முள்ளங்கி, சௌசௌ, பூசணி என்று காய் மட்டும் மாறும். அதிலும் சௌசௌ வாரத்துக்கு மூன்று நாள். ஒரு ஓட்டலுக்கு இது பெருமை. 'எப்போ போனாலும் அதே ருசி' என்று சொல்லித்தான் ஒரு கடையை நாம் புகழ்வோம். கோவை அன்னபூர்ணாவின் சாம்பாரையும், திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயின் சாம்பாரையும் தேடிப்போகிறவர்கள், போன தடவை சாப்பிட்டதையே மறுபடி சாப்பிடத்தான் போகிறார்கள். ஆனால் அங்கே தினம் மூன்று வேளை யாரும் சாப்பிடுவதில்லை. வீட்டுச் சாம்பார் திங்கட்கிழமை கெட்டியாக இருக்கும், புதன்கிழமை நீர்த்துவிடும், மாமியார் வந்த அன்று காரமாக இருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் வாழ்நாள் முழுக்க ஒரே சாம்பாரைச் சாப்பிட நம்மை விட்டுவைத்தது என்று இங்கே வந்துதான் புரிந்தது.

பொரியல்: நறுக்குவதில்தான் கோளாறு. பீன்ஸை அரை விரல் நீளத்துக்கு வெட்டுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும். பல்செட் வைத்திருப்பவர் வாயில் அது இரண்டு நிமிடம் சுற்றிவிட்டு இலை ஓரத்துக்கு வரும்.

ராத்திரி சப்பாத்தி: இதைப் பற்றி நிதானமாக எழுத முடியாது. ஐந்தரை மணிக்குப் போட்டு அடுக்கிவிடுகிறார்கள். ஏழரைக்குத் தோலாகிவிடும். இங்கே சர்க்கரை உள்ளவர்கள் அதிகம். அரிசியை விட்டுச் சப்பாத்திக்கு மாறினாலே பாதி வைத்தியம் ஆயிற்று என்று ஒரு நம்பிக்கை. எது சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கு என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடிக்க முடியாத சப்பாத்தியில் ஒன்றைக் குருமாவில் நனைத்துத் தின்றுவிட்டு, ஒன்பது மணிக்கு அறையில் நாலு பிஸ்கட் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன்.

ரசம்: இருப்பதில் இதுதான் உருப்படி. மிளகு, சீரகம் தட்டிப்போட்டு, இறக்கும்போது கொத்தமல்லி கிள்ளிப்போடுகிறார்கள். ரசம் ஏன் நன்றாக இருக்கிறது என்று யோசித்ததில்தான் மற்றதெல்லாம் ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது.

*

இந்தச் சமையலுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'கழித்தல் சமையல்'. வயசானவர்கள் என்றதும் சமையற்கட்டு ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பிக்கிறது. ரத்தக்கொதிப்பு, உப்பைக் கழி. கொலஸ்ட்ரால், எண்ணெயைக் கழி. வயிற்றெரிச்சல், மிளகாயையும் புளியையும் கழி. உப்பு விஷயத்தில் நியாயம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் கழித்த இடத்தில் எதைச் சேர்ப்பது என்று யாரும் கேட்பதில்லை.

வயதாக ஆக நாக்கைவிட மூக்குதான் முதலில் மந்தமாகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. ஜலதோஷம் பிடித்த நாளில் எதுவும் ருசிக்காததற்குக் காரணம் அதுதான். போதாததற்கு மாத்திரைகள் வேறு. சர்க்கரைக்குத் தருகிற மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் உலோக ருசியைக் கொண்டுவரும்; ரத்தக்கொதிப்பு மருந்துகளிலும் ருசியை மாற்றுகிறவை உண்டு. பல மருந்துகள் எச்சிலைக் குறைக்கும். வாய் காய்ந்தால் ருசி தெரியாது. ஆக, இளவயதுக்காரருக்கு வேண்டியதைவிட எங்களுக்குத்தான் வாசனை அதிகம் தேவை. பெருங்காயம், கறிவேப்பிலை, வறுத்து அரைத்த மல்லி, கடைசியில் பிழிகிற எலுமிச்சை எதிலும் ரத்தக்கொதிப்பு ஏறாது. ரசம் பிழைத்துக்கொள்வது இதனால்தான். உப்பு குறைந்தாலும் மிளகும் கொத்தமல்லியும் மூக்கைத் தட்டி எழுப்பிவிடுகின்றன.

வாசலில் ஒரு நோட்டு தொங்குகிறது. யோசனைகள், குறைகள் எழுதலாம். ஒரே நாள், ஒரே சாம்பாருக்கு மூன்று பேர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'உப்பு அதிகம்.' 'உப்பே இல்லை.' 'இன்று சாம்பார் பிரமாதம்.' மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டி, "பாருங்க சார், நான் யார் பேச்சைக் கேக்கறதுங்க?" என்றார். மூன்று பேர் சொன்னதும் சரிதான் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? மூன்று பேர் வாயும் வேறு. எல்லோருக்கும் ஒரே உப்பு போட்டு யாரையும் திருப்திப்படுத்த முடியாது. மேஜை மேல் மிளகுப்பொடி, எலுமிச்சைத் துண்டு, பருப்புப்பொடி, ஒரு கிண்ணம் நெய் வைத்துவிட்டால் முடிந்துபோகும் விவகாரம். "டேபிள் மேல வெச்சா வீணாகுதுங்க" என்றார்.

*

வீணாகுது என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

நாங்கள் இருவரும் சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் ₹16,000 கட்டுகிறோம். முப்பது நாளுக்கு, தலைக்கு ஒரு நாளைக்கு ₹266. மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு காப்பி. டவுன் ஓட்டல் விலையோடு ஒப்பிட்டால் இது அநியாயம் இல்லை. சிக்கல் தொகையில் இல்லை, அது கைமாறும் முறையில் இருக்கிறது. சமையல், காண்டிராக்டில் விடப்பட்டிருக்கிறது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தலைக்கு இவ்வளவு என்று காண்டிராக்டருக்குப் போய்விடும். ஓட்டல்காரனுக்கு நான் இரண்டாவது தோசை கேட்டால் லாபம். இங்கே நான் இரண்டாவது தோசை கேட்டால் நஷ்டம். நான் பசியில்லை என்று படுத்துவிட்டால் லாபம். வயதாக ஆக எங்களுக்குப் பசி குறைகிறது. அதாவது நாங்கள் தேயத் தேய ஒருவருடைய கணக்கு வளர்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அந்த மேற்பார்வையாளர் நல்ல மனிதர். என் மனைவிக்கு முடியாமல் போன ராத்திரி ஆம்புலன்ஸில் கூடவே வந்தவர். ஆனால் ஏற்பாடே அப்படி என்றால் நல்ல மனிதர் என்ன செய்ய முடியும்?

ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' கதையைப் படித்தவர்களுக்குக் கெத்தேல் சாகிப்பை நினைவிருக்கும். எவ்வளவு சாப்பிட்டான் என்று பார்க்காமல் போட்டுக்கொண்டே இருப்பவர். முடிந்ததைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். எல்லோரும் கெத்தேல் சாகிப்பாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாப்பிடுகிறவன் வயிறு நிறைவதில் சமைப்பவனுக்கு ஏதாவது ஓர் அக்கறை இருக்கும்படி ஒப்பந்தம் எழுதலாம் என்றுதான் கேட்கிறேன். மாதாமாதம் இலையில் மிஞ்சுவதை எடைபோட்டு, மிச்சம் குறைந்தால் காண்டிராக்டருக்குக் கூடுதல் தொகை என்று வைத்தால்கூடப் போதும்.

ஏனென்றால் இது நாக்குச் சமாச்சாரம் மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. முதியவர்களுக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது, 1.2 வரை போகலாம் என்று முதியோர் சத்துணவு வல்லுநர்கள் பலர் சொல்கிறார்கள். தசை கரைவதைத் தடுக்க அவ்வளவு வேண்டும். நான் 60 கிலோ. எனக்குக் குறைந்தது 60 கிராம். மூன்று இட்லி, ஒரு கரண்டி சாம்பார், மதியச் சோறு, நீர்த்த பருப்பு, பொரியல், ஒரு கிண்ணம் தயிர், இரண்டு காப்பிக்கான பால், சப்பாத்தி, குருமா என்று ஒரு நாள் முழுக்கக் கூட்டிப்பார்த்தேன். நாற்பது கிராமைத் தாண்டவில்லை. பிஸ்கட்டைச் சேர்த்தும்தான். இத்தனைக்கும் நாங்கள் இருப்பது கொங்கு நாட்டில். கொள்ளுப்பருப்பும், பச்சைப்பயறு கடைசலும், அரிசிம்பருப்புச் சோறும் சாதாரண வீடுகளில் வாராவாரம் பொங்குகிற ஊர். கூடத்தின் பதினான்கு நாள் பட்டியலில் கொள்ளு ஒருமுறைகூட இல்லை. கோபி மஞ்சூரியன் இரண்டு முறை இருக்கிறது.

பட்டியல் யாருடைய நாக்கை மனதில் வைத்துப் போடப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. கூடம் சுத்த சைவம். நானும் சைவம்தான், எனக்கு அதில் நஷ்டமில்லை. என் மேஜையில் உட்காரும் மில்காரர் உள்ளூர்க் கவுண்டர். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். மழைக்காலத்தில் ஒருநாள் சொன்னார்: "சளி புடிச்சா எங்கம்மா நாட்டுக்கோழிச் சாறு வெச்சுக் குடுப்பாங்க. இங்க சூப்புன்னு ஒண்ணு குடுக்கறாங்க, சோளமாவு கரைச்ச தண்ணிங்க அது." உணவுக் குழுக் கூட்டத்தில் வாரம் ஒரு முட்டை என்று அவர் கேட்டபோது ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "இங்க வரும்போதே தெரிஞ்சுதானே வந்தீங்க" என்றார். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இத்தனை கணக்கு எழுதுகிறவன் அந்த மௌனத்தையும் என் கணக்கில் எழுதித்தான் ஆகவேண்டும். தனி அடுப்பு, தனி மேஜை, அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று எத்தனையோ வழி இருந்தது. அவர் அதற்குப் பிறகு குழுவுக்கு வரவில்லை.

*

இரண்டு வருடம் முன்பு என் மனைவிக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் பெரும்பாலும் தேறிவிட்டன. விழுங்குவதுதான் பழையபடி ஆகவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதல் வாரம் உணவுக்கூடத்திலிருந்து தினமும் ரசஞ்சோறு வந்தது. அன்போடுதான் அனுப்பினார்கள். நோயாளிக்கு ரசஞ்சோறு என்பது நம் ஊரில் வேதவாக்கு. அவளோ ஒவ்வொரு வாய்க்கும் இருமினாள். ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி தருகிற பெண்ணிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, இந்த நிலையில் இருப்பவர்களுக்கு மிக ஆபத்தான சாப்பாடுகளில் ஒன்று அதுதான் என்று. நீரும் பருக்கையும் கலந்தது. நீர் முந்திக்கொண்டு ஓடிவிடும், பருக்கை பின்னால் நிற்கும். குழையக் கடைந்த தயிர்சாதம் அதைவிடப் பாதுகாப்பு. இதற்கென்று உலக அளவில் ஒரு தரவரிசையே இருக்கிறது. தண்ணீரிலிருந்து வழக்கமான சாப்பாடு வரை, 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். நறுக்கி மசித்த சாப்பாட்டில் துணுக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அளக்கக் கருவி வேண்டாம். முள்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இதைச் சமையற்கட்டில் சொன்னேன். மறுநாள் எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் அடித்து அனுப்பினார்கள். சோறு, சாம்பார், பீட்ரூட் எல்லாம் சேர்ந்து சாம்பலும் சிவப்புமாக ஒரு கூழ். விதிப்படி சரி. நான்கு மில்லிமீட்டர் என்ன, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அவள் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள். "இது என்னதுன்னே தெரியலியே. பேரு தெரியாததை எப்படிங்க திங்கறது?" என்றாள். மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தாள். கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எல்லோர் முன்னாலும் இருமுவதற்கு வெட்கம். நான் மட்டும் போய் வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன். என் எதிர் நாற்காலி காலியாக இருக்கும். இங்கே காலி நாற்காலிக்கு ஒரு பொருள் உண்டு. யாராவது வந்து, "மேடம் எப்படி இருக்காங்க?" என்று குரலைத் தணித்துக் கேட்பார்கள்.

காய் நறுக்குகிற ஒரு அம்மா, பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அக்கா. ஒருநாள் பாத்திரம் எடுக்க அவரே மேலே வந்து, தொடப்படாமல் இருந்த கூழைப் பார்த்தார். "ஏனுங்க்கா, உங்கூர்ல என்னங்க சாப்புடுவீங்க?" என்று என் மனைவியைக் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "சொதி" என்றாள். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, இஞ்சி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற குழம்பு. அக்கா அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, படிப்படியாகக் கேட்டுக்கொண்டு போனார். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவள், இரண்டாம் பால் எப்போது, முதல் பால் எப்போது என்று அரைமணி நேரம் பேசினாள். அவ்வளவு நேரம் அவள் பேசியதை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நான் அன்றுதான் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து மதியம் தட்டு வந்தது. குழையக் கடைந்த சோறு ஒரு பக்கம். கெட்டியான சொதி ஒரு பக்கம். கேரட்டைத் தனியே வேகவைத்து மசித்து, அதன் நிறம் மாறாமல் ஒரு பக்கம். பீன்ஸ் பச்சையாக ஒரு பக்கம். பக்கத்தில் ஒரு முள்கரண்டி, அளந்து பார்த்திருக்கிறார்! இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்று என் மனைவி குறை சொன்னாள். குறை சொல்லிக்கொண்டே முழுவதும் சாப்பிட்டாள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இப்படி எழுதினால், அக்கா மாதிரி மனசு இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளக் கூடாது. அக்காவுக்கு அந்த அரைமணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. தேங்காய்க்கு அவர் மேற்பார்வையாளரிடம் கெஞ்சியிருக்கிறார். அவர் பேத்தி காதுகுத்துக்குப் போன ஐந்து நாளும் மறுபடி அந்தச் சாம்பல் கூழ்தான் வந்தது. ஒருவர் லீவு போட்டால் நின்றுபோகிற நல்லதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போதே பத்தில் ஒருவர் அறுபது தாண்டியவர். எங்கள் கூடத்தைப் போல இன்னும் எத்தனையோ கூடங்கள் வரப்போகின்றன. வாழையிலை விருந்தைக் காட்டித்தான் அவர்களும் வீடு விற்பார்கள்.

அதனால் வீடு பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி, கூடம் மூடுவதற்குக் கால்மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். சப்பாத்தியைக் கையால் பிய்த்துப் பாருங்கள். எந்தெந்தத் தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். விழுங்க முடியாதவருக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். "எல்லாம் பண்ணிக்கலாம் சார்" என்றால், காட்டச் சொல்லுங்கள். பரிமாறுகிறவர் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று கவனியுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: காலைக்குத் தேர்ச்சி, மதியத்துக்குப் பரவாயில்லை, ராத்திரிக்குத் தோல்வி. சுத்தத்துக்கு முழு மதிப்பெண். ஒப்பந்தத்துக்குப் பூஜ்யம்.

வருகிற முதல் சனிக்கிழமை உணவுக் குழு கூடுகிறது. மூன்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, இட்லியும் சப்பாத்தியும் இரண்டு ஈடாகப் போடவேண்டும். இரண்டு, மசித்த சாப்பாடு தனித்தனியாக, பட்டியலில் பெயரோடு இருக்கவேண்டும். அதைச் செய்கிறவருக்கு அதற்கென்று சம்பளம். மூன்றாவது, மில்காரரின் முட்டை. அதை அவர் சார்பில் நான் முன்மொழிகிறேன். "நீங்க சைவம், உங்களுக்கெதுக்குங்க?" என்று அவரே கேட்டார். அன்றைக்கு வாயைத் திறக்காததற்கு என்றேன். சிரித்தார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நேற்று மதியம் என் மனைவியும் கூடத்துக்கு வந்தாள். இரண்டு முறை இருமினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்கள். சாம்பார் அதே சாம்பார்தான். சௌசௌ.